குறிப்பேட்டிலிருந்து மேடைக்கு: ரத்மான்ஸ்கியின் பாலே

நடனத்தை எழுதி வைக்க முடியுமா? ரஷ்யாவில் 1890களிலேயே எழுதி வைத்தார்கள். எந்த மூட்டு எவ்வளவு மடங்க வேண்டும் என்பதை, இசையை எழுதுவதுபோலவே கோடுகளின் மேல் குறித்துவைக்கும் முறையை விளாதிமிர் ஸ்தெபானோவ் உருவாக்கினார். புரட்சிக்குப் பின் நிக்கோலாய் செர்கேயெவ் ரஷ்யாவிலிருந்து கொண்டுபோன, இந்த முறையில் எழுதிய குறிப்பேடுகள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

பாலே அமைப்பாளர் அலெக்ஸி ரத்மான்ஸ்கியும் மனைவி தத்யானாவும் இந்தக் குறிமுறையைப் படிக்கக் கற்றார்கள். பெத்திபா 1890இல் அமைத்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யை ரத்மான்ஸ்கி 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக, கூடியவரை பழைய அசைவுகளோடு மேடையேற்றினார். திண்டாடியவர்கள் ஆடியவர்கள்தான். காலைக் காதுவரை தூக்கிக் கைதட்டல் வாங்கிப் பழகியவர்களை, அவ்வளவு உயரம் வேண்டாம் என்றார். சுழலும்போது முழங்காலருகே வைக்கும் பாதத்தைக் கணுக்கால் பக்கம் இறக்கச் சொன்னார். சாகசம் குறைந்தது, இசையோடு கால் ஒட்டியது. எனக்கு இது லாபக் கணக்காகவே படுகிறது.

1968இல் லெனின்கிராடில் பிறந்து கீவில் வளர்ந்தவர் ரத்மான்ஸ்கி; படித்தது மாஸ்கோவின் போல்ஷோய் பள்ளியில். கீவ், வினிபெக், கோபன்ஹேகன் குழுக்களில் ஆடினார். ஷோஸ்தகோவிச் இசையமைத்த ‘பிரைட் ஸ்ட்ரீம்’ என்ற கூட்டுப்பண்ணை நகைச்சுவையை ‘பிராவ்தா’ நாளிதழ் 1936இல் கிழித்துப்போட, அது மேடையிலிருந்தே மறைந்தது. ஷோஸ்தகோவிச் பிறகு பாலே பக்கமே போகவில்லை. அதே இசைக்கு 2003இல் ரத்மான்ஸ்கி புதிதாக நடனம் அமைத்தார். மறு ஆண்டே போல்ஷோய் பாலே குழுவின் கலை இயக்குநரானார். 2008இல் விலகி அமெரிக்கா போனார்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த நாளில் அவர் மாஸ்கோவில், போல்ஷோய்க்கான புதிய பாலே ஒத்திகையில் இருந்தார். பெற்றோரோ கீவில். வேலையைப் போட்டது போட்டபடி கிளம்பினார். அதே ஆண்டு, ஹேக் நகரில் தஞ்சமடைந்த உக்ரைனியக் கலைஞர்களுக்கு ‘ஜிசெல்’ அமைத்துக் கொடுத்தார். 2023 முதல் நியூயார்க் சிட்டி பாலேயில் இருக்கிறார். அங்கே 2024இல் அரங்கேறிய ‘சாலிட்யூட்’, கார்கீவில் குண்டுக்குப் பலியான 13 வயது மகனின் கையைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்த தந்தையின் புகைப்படத்திலிருந்து பிறந்தது.

அந்தப் பிப்ரவரியில் அவர் கைவிட்ட இன்னொரு வேலை, மரியின்ஸ்கி அரங்குக்காகப் பழைய குறிப்புகளிலிருந்து மீட்டுக்கொண்டிருந்த பெத்திபாவின் ‘ஃபாரோவின் மகள்’. 2023இல் அதை மரியின்ஸ்கி வேறொருவரை வைத்து அரங்கேற்றியது.