கற்பனை உலகத்துக்கு காலண்டர் போடணுமா? வைத்திக்குப்பம் கடற்கரையில் இருக்கிறது பாடம்!

2024-ல் பிப்ரவரி 24. அடுத்த ஆண்டு 2025-ல் மார்ச் 12. புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத் தீர்த்தவாரி நடந்த தேதிகள் இவை. மயிலம் முருகன், தீவனூர் விநாயகர் என்று சுற்றுவட்டார சாமிகள் எல்லாம் இந்த மீனவ கிராமத்துக் கரைக்கு வந்து சேரும் நாள் அது. இரண்டு திருவிழாவுக்கும் நடுவில் 382 நாட்கள். வருடத்துக்கு 365 நாள்தானே? அப்புறம் எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், கற்பனை உலகம் உருவாக்குபவர்களுக்கு பாதி வேலை முடிந்தது.

காமிக்ஸ், வீடியோ கேம், வெப் நாவல் என்று புது உலகம் படைக்கும் இளைஞர்கள் இப்போது நிறைய. மேப் வரைகிறார்கள், அரச வம்சம் எழுதுகிறார்கள். மொழியைக்கூட விடுவதில்லை. 'பாகுபலி'யில் காலகேயர்கள் பேசுவதற்காக மதன் கார்க்கி கிளிக்கி மொழியையே உருவாக்கினார். ஆனால் காலண்டர் என்று வந்தால் பலரும் '12 மாதம், மாதத்துக்கு 30 நாள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் உலகம் கொஞ்சம் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது.

கணக்கு ஏன் உதைக்கிறது?

பூமி சூரியனைச் சுற்ற சுமார் 365.24 நாள். ஒரு பௌர்ணமியில் இருந்து அடுத்த பௌர்ணமிக்கு சுமார் 29.53 நாள். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக வகுபடாது. 12 நிலா மாதம் சேர்த்தால் 354 நாள்தான் வரும். 11 நாள் துண்டு விழும்.

இதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் மூன்று. முதல் வழி, நிலாவை மட்டும் பிடித்துக்கொள்வது. இஸ்லாமிய காலண்டர் அப்படித்தான். அதனால்தான் ரம்ஜான் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் வருகிறது. இரண்டாவது, சூரியனை மட்டும் பிடித்துக்கொள்வது. நம் மொபைலில் இருக்கும் ஆங்கில காலண்டரும், தமிழ் மாதங்களும் இந்த வகை. மூன்றாவது, நிலா மாதத்தை வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பது. தெலுங்கு, கன்னட ஆண்டுகளில் வரும் 'அதிக மாசம்' இதுதான்.

தமிழ் மாதத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. சூரியன் ஒரு ராசியைக் கடக்க எத்தனை நாளோ, அதுதான் மாதத்தின் நீளம். பூமி ஜனவரியில் சூரியனுக்குப் பக்கத்தில் வேகமாகப் போகிறது, ஜூலையில் தூரத்தில் மெதுவாகப் போகிறது. அதனால் மார்கழிக்கு 29 நாள், ஆனிக்கு 32 நாள்கூட வரும். பூமியின் வேகமே காலண்டரில் பதிவாகி இருக்கிறது.

மாசி மகம் செய்யும் வித்தை

இப்போது வைத்திக்குப்பத்துக்குத் திரும்புவோம். மாசி மகம் என்றால், சூரியன் கும்ப ராசியில் இருக்கும் மாசி மாதத்தில், நிலா மக நட்சத்திரத்துக்கு வரும் நாள். மாதம் சூரியனுடையது, நட்சத்திரம் நிலாவுடையது. இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டிருக்கிறார்கள்.

மக நட்சத்திரம் இருப்பது சிம்ம ராசியில். அது கும்பத்துக்கு நேர் எதிரே. சூரியனுக்கு எதிரே நிலா நின்றால் பௌர்ணமி. அதனால் மாசி மகம் எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும்.

நிலா 27 நட்சத்திரங்களையும் சுற்றி வர சுமார் 27.3 நாள். மாசிக்கு 29 அல்லது 30 நாள். அப்படியென்றால் சில ஆண்டு மாசியில் மகம் இரண்டு முறை வரும். 2025-ல் அதுதான் நடந்தது. மாசி 1 அன்றும் மகம், மாசி 28 அன்றும் மகம். திருவிழா நடந்தது இரண்டாவதில். 382 நாள் இடைவெளி வந்த கதை இதுதான். அதற்குள் நிலா 14 சுற்று முடித்திருந்தது.

இதே கரையில் இன்னும் இரண்டு கணக்கு ஓடுகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும். நிலா வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும் என்பது மீனவர்கள் அனுபவத்தில் சொல்வது. ஆக, கடலுக்குப் போகிறவருக்கு நிலா கணக்கு வேண்டும். ஆனால் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது அரசாங்கத்தின் ஆங்கில காலண்டர் கணக்கு. சாமிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று. ஒரே குடும்பம் மூன்றையும் பார்த்துத்தான் வருமானத்தைத் திட்டமிட வேண்டும்.

அழகான காலண்டர் ஏன் தோற்றது?

'எல்லாவற்றையும் சுத்தமாக, புதிதாக டிசைன் பண்ணினால் என்ன?' அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். புதுச்சேரியை ஆண்ட அதே பிரெஞ்சுக்காரர்கள்தான்.

புரட்சிக்குப் பிறகு, 1793 அக்டோபரில் பிரான்ஸ் புது காலண்டர் கொண்டுவந்தது. 12 மாதம், எல்லாவற்றுக்கும் சரியாக 30 நாள். வாரத்துக்கு 7 நாள் கிடையாது, 10 நாள். மிச்சம் இருக்கும் 5 அல்லது 6 நாட்கள் ஆண்டுக் கடைசியில் விழா. பார்க்க அவ்வளவு அழகு.

ஆனால் 7 நாளைக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு, 10 நாளைக்கு ஒருமுறை ஆனது. உழைக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனையை விட மனமில்லாதவர்களும் ஏராளம். 1806 ஜனவரி 1 முதல் நெப்போலியன் பழைய காலண்டருக்கே திரும்பிவிட்டார்.

புதுச்சேரி இதில் இருந்து தப்பித்தது. புது காலண்டர் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, 1793 ஆகஸ்டில், ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துவிட்டார்கள். பிரெஞ்சு ஆட்சி திரும்பியது 1816-ல். அதற்குள் அந்த காலண்டர் செத்தே போயிருந்தது. வந்திருந்தால் வேடிக்கைதான். டிசம்பர் கடைசியில் தொடங்கும் மாதத்தின் பெயர் நிவோஸ், அதாவது பனி கொட்டும் மாதம். ஜனவரி 20 வாக்கில் தொடங்குவது புளூவியோஸ், மழை மாதம். நம் ஊரில் மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்திருக்கும் நேரம் அது. பாரிஸ் ஜன்னலில் இருந்து பார்த்து வைத்த பெயர் பாண்டியில் எடுபடாது.

கதை எழுதுபவர்களுக்கு இதில் நல்ல சரக்கு இருக்கிறது. உங்கள் பேரரசின் மாதப் பெயர்கள் தலைநகரத்து வானிலைப்படி இருந்தால், தூரத்துத் தீவில் இருப்பவன் அதைத் தினமும் எரிச்சலோடுதான் உச்சரிப்பான்.

வருடத்துக்கு என்ன பெயர்?

தமிழ் ஆண்டுகளுக்கு எண் அல்ல, பெயர். மொத்தம் 60. வியாழன் வானத்தைச் சுற்ற சுமார் 12 ஆண்டு, சனிக்கு சுமார் 30. இரண்டுக்கும் பொதுவான எண் 60. உங்கள் உலகத்தில் இரண்டு நிலா இருந்தாலும் இதே கணக்குதான். ஒன்றுக்கு 20 நாள், இன்னொன்றுக்கு 30 நாள் என்றால், 60 நாளுக்கு ஒருமுறை இரட்டைப் பௌர்ணமி. பெரிய திருவிழாவோ பெரிய சாபமோ, அந்த இரவில் வைக்கலாம்.

ஆனால் சுழற்சியில் ஒரு சிக்கல். 'நள வருஷம்' என்று மட்டும் எழுதினால் எந்த நள? 1736-ம் நள, 1976-ம் நள. புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் தொடங்கிய நாட்குறிப்பில் இதற்கு வழி இருக்கிறது. ஐரோப்பியத் தேதி, தமிழ் ஆண்டு, மாதம், தேதி என்று சேர்த்தே குறித்தார். இரண்டு உலகத்தோடு வியாபாரம் செய்கிறவருக்கு இரண்டு தேதியும் தேவைப்பட்டது.

நாள் குறிப்பது யார்?

ஜான் வாரன் என்பவர் 1825-ல் 'கால சங்கலித' என்ற நூலை சென்னையில் வெளியிட்டார். அவருக்காக புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பேப்பர், பேனா இல்லை. தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த அட்டவணைகளைக் கொண்டே கணித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். முடியும் நேரத்தில் 52 நிமிடம்.

கணக்கு யார் தலையில் இருக்கிறதோ, அவர் சொல்வதுதான் தேதி. இரண்டு பேர் வேறு வேறு தேதி சொன்னால்? புதுச்சேரி யூனியன் பிரதேசத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. ஆனால் காரைக்கால் திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி பெயர்ச்சி 2026-ல்தான் என்று கோயில் நிர்வாகம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே கிரகம், ஒரே ஆகாயம், கிட்டத்தட்ட ஓராண்டு வித்தியாசம். கற்பனை உலகத்தில் இது ஒரு உள்நாட்டுப் போருக்கே போதும்.

உங்கள் உலகத்துக்கு ஐந்து கேள்விகள்

1. வானத்தில் என்ன தெரிகிறது? எத்தனை சூரியன், எத்தனை நிலா, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள்?

2. மிச்ச நாட்களை என்ன செய்வார்கள்? டோல்கீனின் ஷயர் காலண்டரில் 12 மாதமும் 30 நாள். மிச்ச நாட்களை எந்த மாதத்திலும் சேர்க்காமல், விழா நாட்களாகத் தனியே வைத்தார்.

3. காலண்டர் யாருக்குத் தேவை? விவசாயிக்கா, மீனவருக்கா, வரி வசூலிப்பவருக்கா?

4. தேதியை அறிவிப்பவர் யார்? அவரோடு முரண்படுபவர் யார்?

5. தேதி தப்பினால் யாருக்கு நஷ்டம்?

ஐந்தாவதுதான் முக்கியம். மாசி மகத் தேதி ஒரு நாள் தவறினால் மயிலத்தில் இருந்து கிளம்பிய சாமியும் வைத்திக்குப்பத்தில் காத்திருக்கும் கூட்டமும் சந்தித்துக்கொள்ளவே முடியாது. உங்கள் காலண்டரில் ஒரு நாளை அழித்துப் பாருங்கள். கதையில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றால், அது இன்னும் காலண்டர் ஆகவில்லை. வெறும் பட்டியல்தான்.