தன்னார்வலர் சர்வர்கள்: சாவி இருவரிடம் இருக்கட்டும்

 திருமுருகாற்றுப்படையை இன்று யாரும் கைபேசியில் காசில்லாமல் படிக்கலாம். அதற்கு வழிசெய்தவற்றுள் முக்கியமானது, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து முனைவர் குமார் மல்லிகார்ச்சுனனும் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். இதே தன்னார்வ உழைப்பில் இன்று சில சமூக வலைதளங்களும் நடக்கின்றன. அவை எத்தனை நாள் தாங்கும்?

எப்படி இயங்குகின்றன?

ஜெர்மனியின் யூஜென் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட மாஸ்டடான், சமூக வலைதளம் நடத்துவதற்கான ஒரு கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதை வைத்துத் தனி சர்வர் நடத்தலாம். ஒரு சர்வரில் இருப்பவர் மற்ற சர்வர்களில் இருப்பவர்களோடு உரையாடலாம். 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதும், இந்தியர்கள் பலர் மாஸ்டடானுக்குக் குடியேறினர்.

சிக்கல் எங்கே?

சர்வர் வாடகையை நன்கொடையால் சமாளித்துவிடலாம். ஆனால் ஆள் சேரச் சேர, ஏறும் படங்களுக்கு இடம் தேட வேண்டும். இரவில் வரும் புகார்களையும் பார்க்க வேண்டும். பல சர்வர்களில் இதையெல்லாம் செய்பவர் ஒருவரே. 2023-இல் மாஸ்டடான்.லோல் சர்வரை நடத்தியவர், வசவுகளும் சச்சரவுகளும் தாங்காமல் அதை மூடுவதாக அறிவித்தார். மாஸ்டடானில் இடம் மாறுவோர் தம்மைப் பின்தொடர்வோரைப் புதிய கணக்குக்குக் கொண்டுபோகலாம்; பழைய பதிவுகள் கூடவே வருவதில்லை.

தீர்வு என்ன?

மாஸ்டடான் தன் தளத்தில் பரிந்துரைக்கும் சர்வர்களுக்குச் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது: தினமும் பேக்கப்; அவசரத்துக்கு சர்வரைத் திறக்க இன்னொருவருக்காவது அனுமதி; மூடுவதென்றால் மூன்று மாத முன்னறிவிப்பு. இவற்றுள் இரண்டாவதுதான் உயிர்நாடி. நடத்துபவர் நோயில் படுத்தாலும் சர்வர் படுக்காது.

மதுரைத் திட்டக் கோப்புகளின் முகப்பில், உழைத்தவர்களின் பெயர்களோடு ஓர் அனுமதியும் இருக்கும்: முகப்பை நீக்காமல் யாரும் பகிரலாம். அதனால் நூல்கள் பல இடங்களில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு தளம் நின்றாலும் அவை அழியாது. சமூக வலைதளத்தின் தனிப்பட்ட உரையாடல்களை அப்படி ஊரெங்கும் படியெடுக்க முடியாது. ஆகவே அங்கே பொறுப்பைத்தான் பகிர வேண்டும்.

ஒரு சர்வரில் சேருமுன் கேளுங்கள்: மாதச் செலவுக் கணக்கை வெளியிடுகிறார்களா? சாவி வைத்திருக்கும் இரண்டாவது ஆள் யார்? அப்படி யாரும் இல்லையென்றால், அந்தப் பொறுப்பை ஏற்க நீங்களே முன்வாருங்கள்.