முள் பொய் சொல்லுமா?

1964இல் உற்பத்தி தொடங்கிய போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் குளிர்வித்தவை காற்றும் எண்ணெயுமே, தண்ணீர் அல்ல. அதில் எண்ணெயின் வெப்பநிலையைக் காட்டும் முள் தாறுமாறாக ஆடினால் என்ன செய்வது?

எண்ணெயில் நனைந்திருக்கும் உணர்வி சூடேறும்போது அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் உயரும். ஆகவே, முள்ளை நகர்த்துவது மின்சாரமே! உணர்வியின் கம்பி அறுந்தால், கொதிக்கும் எண்ணெயையும் 'குளிர்ச்சி' என்று முள் காட்டும். கம்பி தேய்ந்து வண்டியின் உடலைத் தொட்டால், முள் உச்சிக்குத் தாவும்.

முகப்பு விளக்கைப் போட்டதும் முள் நகர்கிறதா? விளக்கு எண்ணெயைச் சூடாக்காது அல்லவா? மானியின் 'எர்த்' இணைப்பைச் சோதியுங்கள்.

எண்ணெய் நொடியில் சூடாகாது. குதிக்கும் முள் மின்கோளாற்றின் அடையாளம். படிப்படியாக ஏறும் முள்ளையோ நம்புங்கள். அது அளவுக்கு மீறி ஏறினால், உடனே வண்டியை நிறுத்தி எஞ்சினைக் காப்பாற்றுங்கள்!