முதுகில் 4 ஸ்குரூ; 8 மாதம் ஆகியும் தீராத வலி! கோயம்பேடு தொழிலாளியின் பரிதாபக் கதை

சென்னை:-

"எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு. போயிட்டு வா."

முதுகெலும்பு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தொழிலாளி, 8 மாதமாக டாக்டரிடம் கேட்டு வந்த பதில் இது.

எக்ஸ்ரே நன்றாக இருந்தது. அவர்தான் நன்றாக இல்லை!

அவருக்கு வயது 47. கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி. நெற்குன்றத்தில் ஒரு வாடகை வீட்டில் மனைவியுடனும், 10-ம் வகுப்பு படிக்கும் மகளுடனும் வசித்து வருகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "நாளைக்கு அதே டாக்டருகிட்டதானே போய் நிக்கணும்?" என்பது அவருடைய பயம்.

மூட்டையும் முதுகும்

சிறு வயதில் கொத்தவால்சாவடியில் வெங்காய மூட்டை தூக்க வந்தவர் அவர். 1996-ம் ஆண்டு மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறியபோது அவரும் மாறினார். விடியற்காலை 2 மணிக்கு லாரி வந்தால், வெயில் ஏறும் வரை முதுகில் மூட்டைதான்.

2 ஆண்டுகளுக்கு முன்பு இடுப்பில் வலி தொடங்கியது. பிறகு இடது காலில் கரண்ட் பாய்வது போல் இழுத்தது. 10 அடி நடந்தால் உட்கார வேண்டும் என்ற நிலை வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புப் பகுதியில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கமாக நழுவி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவது தெரிந்தது. "ஆபரேஷன் பண்ணாத்தான் சரியாகும்" என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கூறினார்கள்.

மனைவியின் தாலிச் சரடு தவிர மற்ற நகைகள் அடகுக் கடைக்குப் போயின. எடுக்க வேண்டிய சீட்டைத் தள்ளி எடுத்தார்கள். மொத்தச் செலவு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்.

என்ன ஆபரேஷன்?

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அல்ல. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பல எலும்புகள். நடுவில் மெத்தை போல் 'டிஸ்க்' இருக்கிறது. நழுவிய எலும்பையும் அதற்கு அடுத்த எலும்பையும் சேர்த்து, ஒரே எலும்பாக ஒட்ட வைப்பதுதான் 'பியூஷன்' ஆபரேஷன்.

1911-ம் ஆண்டு நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்ற 2 டாக்டர்கள் இந்த முறையைத் தனித்தனியாக வெளியிட்டார்கள். அப்போது காசநோயால் அரித்துப்போன முதுகெலும்புக்காகவே இதைச் செய்தார்கள். ஸ்குரூவும் கம்பியும் பிற்காலத்தில் வந்தவை.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்குரூவும் கம்பியும் எலும்பை ஒட்ட வைப்பதில்லை. எலும்பு ஆடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அவற்றின் வேலை. உடம்புதான் மெல்ல மெல்ல எலும்பை வளர்த்து ஒட்ட வேண்டும். அதற்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

இந்தத் தொழிலாளிக்கு இதை யாரும் சொல்லவில்லை. "ஸ்குரூ போட்டாச்சு, 3 மாசத்துல மூட்டை தூக்கலாம்னு நெனச்சிட்டேன்" என்கிறார்.

2 நிமிடம்தான்!

ஆபரேஷனுக்குப் பிறகு கால் வலி விட்டது. அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் இடுப்பு வலி விடவில்லை. படுக்கையில் புரண்டால் வலி. உட்கார்ந்து எழுந்தால் வலி. ராத்திரி 2 மணிக்கு மார்க்கெட்டுக்குப் போன உடம்பு, இப்போது அதே 2 மணிக்கு வலியில் விழித்துக்கொள்கிறது.

மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனார். காலை 9 மணிக்கு டோக்கன். டாக்டரைப் பார்க்க மதியம் 1 மணி. உள்ளே இருந்தது 2 நிமிடம்.

அவருடைய மனைவி கூறியதாவது:-

"டாக்டரு எக்ஸ்ரேவை வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பாரு. இவரு முதுகை ஒரு தடவை கூடத் தொட்டுப் பார்க்கல. வலிக்குதுன்னு சொன்னா, எல்லாம் மனசுதான்னு சொல்லிட்டாரு. மனசு வலிச்சா ராத்திரி கத்துவாங்களா? இவரு கத்துறாரு. பக்கத்து வீட்டுக்காரங்க எழுந்து வர்றாங்க."

இவ்வாறு அவர் கூறினார்.

ஒரு கட்டத்தில் அவர் டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டார். தெருமுனை மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கத் தொடங்கினார். முதலில் நாளுக்கு 1. பிறகு 2. பிறகு 4.

இது ஆபத்தான வழி. டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும். சிறுநீரகமும் கெட்டுப் போகலாம்.

மகளின் நோட்டு

வழி காட்டியது 10-ம் வகுப்பு படிக்கும் மகள்.

மீதியிருந்த ஒரு பழைய நோட்டை எடுத்து அவள் கோடு போட்டாள். தேதி, எத்தனை மணிக்கு வலித்தது, எந்த இடத்தில், என்ன செய்தபோது, எத்தனை மாத்திரை, எவ்வளவு தூரம் நடந்தார் என்று தினமும் ராத்திரி அப்பாவைக் கேட்டு எழுதினாள். 3 வாரம் எழுதினாள்.

அந்த நோட்டையும் பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு குடும்பமே ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கும் கூட்டம்தான். அங்கும் டோக்கன்தான். ஆனால் அங்கிருந்த டாக்டர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு தொழிலாளியைக் குப்புறப் படுக்க வைத்து முதுகைத் தொட்டுப் பார்த்தார். குதிகாலாலும், முன்காலாலும் நடக்கச் சொன்னார்.

கடைசியாக அவர் கேட்ட கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை பீடி?"

"ஒரு கட்டு" என்றார் தொழிலாளி.

8 மாதத்தில் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் டாக்டர் அவர்தான்! பீடி, சிகரெட்டில் உள்ள நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புதிய எலும்பு வளர ரத்தம் வேண்டும். புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஒரு பக்கம் எலும்பு ஒட்டியிருந்தது. மறு பக்கம் ஒட்டவில்லை. ஒரு ஸ்குரூவைச் சுற்றி லேசான இடைவெளி தெரிந்தது.

அதாவது வலி மனசில் இல்லை. முதுகில்தான் இருந்தது!

கென்னடி பட்ட பாடு

இந்த வலி ஏழைக்கு மட்டும் வருவதல்ல. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடியும் இதே பாடு பட்டவர்தான்.

1954-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க்கில் அவருக்கு பியூஷன் ஆபரேஷன் செய்து உலோகத் தகடு பொருத்தினார்கள். கிருமி தொற்றிக்கொண்டது. பாதிரியாரை வரவழைத்துக் கடைசிப் பிரார்த்தனை நடத்தும் அளவுக்கு உயிர் ஊசலாடியது. 1955-ம் ஆண்டு பிப்ரவரியில் மறுபடியும் ஆபரேஷன் செய்து தகட்டை எடுத்தார்கள். வலி போகவில்லை.

அதே 1955-ல் ஜேனட் டிராவல் என்ற பெண் டாக்டரிடம் அவர் போனார். அந்த அம்மாள் முதுகை மட்டும் பார்க்கவில்லை. ஆளையே முழுதாகப் பார்த்தார். கென்னடியின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டுபிடித்து, செருப்பின் குதியை உயர்த்தச் சொன்னார். இறுகிய தசைகளில் ஊசி போட்டார். ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலி பிறகு உலகப் புகழ் பெற்றது. கென்னடி ஜனாதிபதி ஆனதும் டிராவலை வெள்ளை மாளிகை டாக்டராக நியமித்தார்.

அப்போதும் வலி முழுவதும் தீரவில்லை. 1963-ம் ஆண்டு டல்லாஸ் நகரில் சுடப்பட்ட அன்றும் கென்னடி இடுப்பில் இறுக்கமான பட்டை அணிந்திருந்தார்.

ஏன் வலி நிற்பதில்லை?

ஆபரேஷனுக்குப் பிறகும் வலி தொடர்வதற்குப் பல காரணங்கள் உண்டு.

எலும்பு ஒட்டாமல் போயிருக்கலாம். ஸ்குரூ தளர்ந்திருக்கலாம், அல்லது நரம்பில் உரசலாம். ஒட்டிய எலும்புக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளில் பாரம் கூடித் தேய்ந்திருக்கலாம். நரம்பைச் சுற்றித் தழும்பு வளர்ந்திருக்கலாம். பல வருடம் நசுங்கிக் கிடந்த நரம்பு தேறாமலும் போகலாம்.

வலி முதுகெலும்பிலிருந்து வராமல், இடுப்பு எலும்பு சேரும் மூட்டிலிருந்தும் வரலாம். சிலருக்கு எல்லாம் ஒட்டிய பிறகும் வலி நிற்காது. அதுவும் நடிப்பு அல்ல. நாள்பட்ட வலி என்பதே ஒரு தனி நோய் என்று இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. இதற்கென்று வலி நிவாரணப் பிரிவுகள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இயங்குகின்றன. நரம்பு வலிக்குத் தனி மாத்திரைகள், ஊசிகள், உடற்பயிற்சி சிகிச்சை ஆகியவை அங்கே உண்டு.

பொதுவாக, இந்த ஆபரேஷன் கால் வலியைக் குறைக்கும் அளவுக்கு இடுப்பு வலியைக் குறைப்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே இதை நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை.

டாக்டர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு காலைப் பொழுதில் ஒரே டாக்டர் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் "பீடி பிடிப்பாயா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நோயாளிகள் கேட்கிறார்கள்.

உடனே ஓடுங்கள்!

முதுகு ஆபரேஷன் செய்தவர்கள் அடுத்த டோக்கனுக்குக் காத்திராமல், உடனே அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் சில உண்டு:-

* சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் அடைப்பது.
* தொடை இடுக்கிலும் ஆசனவாய்ப் பகுதியிலும் மரத்துப் போவது.
* கால் திடீரென்று பலம் இழப்பது, பாதம் தொங்குவது.
* காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ் அல்லது நீர் வடிவது.
* கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல்.

கேட்டு வாங்குங்கள்

கேஸ் காகிதங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. உள்நோயாளியின் ஆவணங்களை 3 வருடம் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே விதி. வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதும் நோயாளியின் உரிமை. இதற்காகக் கோபித்துக்கொள்ள எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை.

பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ம் ஆண்டு தீர்ப்பளித்தது. புகார் கொடுக்க 2 வருடக் கெடு உண்டு. ஆனால் வலி தீரவில்லை என்பது மட்டும் தவறான சிகிச்சைக்கு ஆதாரம் ஆகாது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதைக் காட்ட வேண்டும். அதற்கும் அந்தக் காகிதங்கள்தான் வேண்டும்.

நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சிகிச்சை அளிக்கும் வசதி, 2021-ம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இருக்கிறது.

41 நாள்

இந்தத் தொழிலாளி வழக்குப் போட நினைக்கவில்லை. "கோர்ட்டுக்கு அலைய என்னால நடக்க முடியுமா?" என்று கேட்கிறார்.

அரசு டாக்டர் அவருக்கு 3 மாதக் கெடு கொடுத்திருக்கிறார். பீடியைத் தொடக்கூடாது. காலையும் மாலையும் நடக்க வேண்டும். குனிந்து எதையும் தூக்கக்கூடாது. கடை மாத்திரைகளை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுத்ததை மட்டும் சாப்பிட வேண்டும். அதன் பிறகு மறுபடியும் ஸ்கேன். எலும்பு ஒட்டாவிட்டால் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

பீடியை விட்டு 41 நாள் ஆகிறது. மூட்டை தூக்கும் வேலை இனி இல்லை என்பது அவருக்குத் தெரியும். மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் கணக்குச் சீட்டு கிழிக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் பாதிதான். மனைவி வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறார்.

வலி இன்னும் இருக்கிறது. ஆனால் ராத்திரியில் கத்துவது குறைந்திருக்கிறது.

"வலி போயிடும்னு அந்த டாக்டரு சொல்லல. ஆனா வலிக்குதுன்னு நான் சொன்னதை நம்புனாரு" என்கிறார் அவர்.

மகள் இன்னும் ராத்திரிதோறும் நோட்டு எழுதி வருகிறாள். அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் 7 வாரம் இருக்கிறது.