தாயாரின் சுபாவம் மாறும்போது



தங்கமான மாமியார், இன்று "என் வளையலைத் திருடிவிட்டாய்" என்று மருமகளையே ஏசுகிறார். பெருங்களத்தூர், தாம்பரம் பகுதிக் குடும்பங்களில் இது புதிதல்ல. "வயதானால் அப்படித்தான்" என்பார் சிலர். "அசுத்த ஆவி" என்று உபவாச ஜெபத்துக்கு மட்டும் அழைத்துச் செல்வார் வேறு சிலர். இரண்டிலும் வைத்தியம் தாமதப்படுகிறது.

முதுமை மட்டுமே ஒரு பெண்ணின் குணத்தைத் தலைகீழாக மாற்றுவதில்லை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் டாக்டர் சாரதா மேனன், 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கியபோது அறுபது வயதைக் கடந்திருந்தார். ஆகவே சுபாவம் மாறினால், "எவ்வளவு காலத்தில் மாறிற்று?" என்று முதலில் கேளுங்கள்.

ஓரிரு நாளில் மாறி, ஆளும் இடமும் தெரியாமல் பேசினால், சிறுநீர்த் தொற்றோ, இரத்தத்தில் உப்புக் குறைவோ, புதிதாய்த் தொடங்கிய மாத்திரையோ காரணமாயிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். பலர் இதிலிருந்து முற்றிலும் தேறுகிறார்கள்.

சில வாரங்களில் மாறினால் மனச்சோர்வாக இருக்கலாம். வயதான பெண்களிடம் அது அழுகையாக அல்ல, எரிச்சலாகவும், உடம்பு வலியாகவும், தூக்கமின்மையாகவும் வெளிப்படலாம். தைராய்டு குறைவும் இதைப்போலவே தோன்றும். இரண்டுக்கும் நல்ல மருந்து உண்டு.

மாதக்கணக்கில் மெல்ல மாறினால் மறதி நோயை எண்ணவேண்டும். 1901-ல் ஜெர்மனியில் டாக்டர் அல்சைமர் பரிசோதித்த 51 வயதுப் பெண்ணிடம் முதலில் தென்பட்டது மறதியல்ல, கணவர்மேல் கொண்ட சந்தேகமே. இந்நோயை முழுவதும் குணமாக்க இன்னும் மருந்தில்லை. ஆனாலும் வீட்டாரின் பாரத்தைக் குறைக்க வழியுண்டு. வாதாடாதீர்கள், வளையலைச் சேர்ந்து தேடுங்கள். காதைப் பரிசோதியுங்கள், அரைகுறையாய்க் கேட்கும் பேச்சும் சந்தேகத்தை வளர்க்கும்.

ஜெபியுங்கள், அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசி 14416-ல் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும்.

உங்கள் சபையில் இப்படி ஒரு தாயார் இருந்தால், வாரத்தில் இரண்டு மணிநேரம் அவரோடு உட்கார்ந்திருங்கள். அந்த நேரம் மருமகள் சற்று வெளியே போய்வரட்டும்.