ஐ7 என்றால் வேகமா?

அலுவலக வேலைக்குப் புது லேப்டாப் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது "ஐ5 காட்டட்டுமா, ஐ7 காட்டட்டுமா?" என்றுதான். பதிலுக்கு நீங்கள் ஒன்று கேளுங்கள்: "பிராசசர் பெயரின் கடைசி எழுத்து என்ன?"

இன்டெல் 2022-இல் விற்பனைக்கு விட்ட இரண்டு பிராசசர்களைப் பார்ப்போம். கோர் ஐ7-1255யூ ஒன்று, கோர் ஐ5-12500எச் மற்றொன்று. உச்ச வேகம் முன்னதற்கு 4.7 கிகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 4.5. பெயரிலும் எண்ணிலும் ஐ7-தான் ஒரு படி மேல். ஆனால் நீளமான வீடியோ ஒன்றை எடிட் செய்து ரெண்டர் போட்டால், ஐ5 முதலில் முடித்துவிடும். அந்த ஐ7-க்குள் வலுவான கோர்கள் இரண்டே இரண்டு. மீதி எட்டும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் சிறிய கோர்கள். ஐ5-இல் வலுவானவை நான்கு, சிறியவை எட்டு. அதோடு, யூ வகை 15 வாட்டை அடிப்படையாக வைத்து வடிவமைக்கப்பட்டது; எச் வகைக்கு 45 வாட். 4.7 என்பது சற்று நேரம் மூச்சைப் பிடித்து ஓடும் வேகம்தான். சூடு ஏறியதும் அது இறங்கிவிடும். மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், மெல்லிய லேப்டாப்பில் இன்னும் சீக்கிரமாகவே இறங்கும்.

கிகாஹெர்ட்ஸ் பந்தயம் முடிந்ததும் இந்தச் சூட்டினால்தான். 2000-இன் இறுதியில் 1.5 கிகாஹெர்ட்ஸில் வந்த பென்டியம் 4, நான்கே ஆண்டுகளில் 3.8-ஐத் தொட்டது. அடுத்தது 4 என்று சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. துடிப்பை, அதாவது கிகாஹெர்ட்ஸை, கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். செலவாகும் மின்சாரமோ துடிப்போடு சேர்ந்தும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திலும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் மின்செலவு 33 சதவீதம் எகிறும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 2006-இல் வந்த கோர் 2 டுவோ, 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே பழைய 3.8-ஐ ஓரங்கட்டியது. ஒவ்வொரு துடிப்பிலும் அது முடிக்கும் வேலை அதிகம்.

அப்படியானால் கோர்களைக் கூட்டிக்கொண்டே போகலாமே? ஐபிஎம்மில் இருந்த ஜீன் அம்டால் 1967-லேயே இதற்கு முட்டுக்கட்டை ஒன்றைக் காட்டிவிட்டார். ஒரு மணி நேர வேலையில் 20 நிமிடப் பகுதியைப் பிரிக்கவே முடியாது என்று வையுங்கள். மீதி 40 நிமிடத்தை நான்கு கோர்கள் பங்கிட்டால் மொத்தம் 30 நிமிடம். எட்டு கோர்கள் என்றால் 25. பதினாறு என்றால் 22.5. கோர்கள் இரட்டிப்பாகின்றன, மிச்சமாவதோ இரண்டரை நிமிடம். எக்செல்லில் ஒரு கட்டத்தின் விடை வந்த பிறகுதான் அடுத்ததைக் கணக்கிட முடியும் என்றால், எத்தனை கோர் இருந்தும் ஒன்றுதான் உழைக்கும், மற்றவை காத்திருக்கும். மேக்ரோவும் அப்படியே.

ஏஎம்டி பக்கமும் பெயர் விளையாட்டு உண்டு. ரைசன் 5 7520யூ, 7000 வரிசையில் 2022-இல் வந்தது. உள்ளே இருப்பதோ 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உண்மையான வயதைச் சொல்லும்.

என் தீர்ப்பு இதுதான். கடிதம், கணக்கு, பிரவுசர், வீடியோ அழைப்பு என்று ஓடும் அலுவலகத்துக்கு, அண்மைத் தலைமுறையின் ஐ5 அல்லது ரைசன் 5 தாராளம். யூ வகையே போதும், பேட்டரியும் நிற்கும். ஐ7-க்குக் கொடுக்கவிருந்த கூடுதல் பணத்தை 16 ஜிபி ராமில் போடுங்கள். ராம் போதாமல் கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியைத் துணைக்கு இழுக்க ஆரம்பித்தால், எந்தப் பிராசசரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பல மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், பிறகு கூட்ட வழியில்லை, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வீடியோ, வடிவமைப்பு வேலை என்றால் எச் வகை. மேசையை விட்டு நகராத வேலை என்றால் லேப்டாப்பே வேண்டாம்: 65 வாட் டெஸ்க்டாப் பிராசசரில், நல்ல ஃபேனோடு, அதே பணத்துக்கு அதிக வேகம் கிடைக்கும்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, ஒருசில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். ஏழாம் தலைமுறை ஐ7 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அலுவலகத்துக்கு வாங்காதீர்கள்.