ஒக்கலையும் ஒட்சியேற்றமும்

பிள்ளையைத் தாங்கும் இடுப்புப் பக்கத்துக்குத் தமிழில் ஒக்கலை என்று பெயர். மொனராகலைப் பக்கத்து உம்மாமார் இன்றும் பிள்ளையை ஒக்கலையில்தான் வைத்திருக்கிறார்கள். தொடைகள் இரண்டும் அகன்று தாயின் இடையைக் கவ்வியிருக்கும். அப்போது தொடையெலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்புக் குழியில் நன்றாகப் பொருந்தும். பிறந்த பிள்ளையின் குழி பெரும்பாலும் கசியிழையமே. தலை உள்ளே பொருந்தியிருந்தால்தான் குழி ஆழமாக வளரும், விலகியிருந்தால் தட்டையாகிவிடும். இதுவே இடுப்பு மூட்டு வளர்ச்சிக் கோளாறு.

கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவது இதற்கு நேர்மாறானது. யப்பானில் அவ்வழக்கத்தைக் கைவிடச் சொல்லி 1975இல் நாடளாவிய இயக்கம் நடந்தது. கோளாறு வெகுவாகக் குறைந்தது.

ஒட்சியேற்ற அழுத்தம் இதில் எங்கே வருகிறது? தட்டையான குழியில் உடற்பாரம் சிறியதோர் இடத்திலேயே விழும். அந்த நெருக்கத்தில் கசியிழையக் கலங்கள் தாக்கம் மிகுந்த ஒட்சிசன் மூலக்கூறுகளை அளவுக்கு மிஞ்சி உண்டாக்குகின்றன. உடலின் தடுப்பு ஈடுகொடுக்காதபோது அவை கலங்களையே அரிக்கின்றன. கசியிழையத்தில் இரத்தக் குழாய் இல்லை. தேய்ந்தது இலேசில் திரும்பாது. முதுமையில் வரவேண்டிய மூட்டுத் தேய்வு நாற்பதுக்கு முன்பே வந்துவிடலாம். ஆக, விலகல் முதலில், அரிப்பு பின்னால். சத்துமாத்திரையும் பழச்சாறும் விலகிய மூட்டைத் திருத்தா.

நான் வைத்தியம் படித்தவனல்லன், தமிழ் படிப்பிக்கிறவன். எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். நபிகள் நாயகத்தின் மீது நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். அவ்விலக்கியத்தில் செங்கீரை ஐந்தாம் மாதம்; தளர்நடை போடும் வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதம். கால்களை மடக்கி அகற்றி வைக்கும் பாவ்லிக் பட்டி முதல் ஆறு மாதத்தில்தான் நன்றாகப் பலன் தரும், அதாவது செங்கீரைக் காலத்தில். நாமோ வருகைப் பருவத்தில் பிள்ளை சாய்ந்து நடந்த பிறகுதான் கவனிக்கிறோம். அப்போதும் "நடக்க நடக்கச் சரியாகிடும்" என்பார்கள். சரியாகாது, பிந்தினால் சத்திரசிகிச்சைதான்.

பெண்பிள்ளை, தலைப்பிள்ளை, வயிற்றில் தலை மேலாக இருந்த பிள்ளை, குடும்பத்தில் இக்கோளாறு உள்ள பிள்ளை ஆகியோரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு தொடை மற்றதைப்போல் அகலாவிட்டால், ஒரு கால் குட்டையாகத் தெரிந்தால், வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் அன்றைக்கே காட்டுங்கள். கிளினிக்கில் "இடுப்பையும் ஒருக்காப் பாருங்க" என்று கேளுங்கள். வலி இல்லாததால் பிள்ளை அழாது. நாம்தான் கேட்க வேண்டும்.